ஏழாவது படம்

படத்தைக் கேட்பார்கள். டீயைக் குடித்து முடித்ததும் கேட்பார்கள். ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டால் போதும். நான் வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நினைத்துக்கொண்டே ஆதியம்மாள் இரண்டு டம்ளர்களையும் ஸ்டூலின் மேல் வைத்தாள். காலையிலிருந்தே நாள் சரியில்லை. ரேஷன் கடை மெஷின் வழக்கம்போல அவள் விரலை ஏற்கவில்லை. போனில் ஓ.டி.பி. எண் வருவதற்கு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

வந்திருந்தவர்கள் செங்கல்பட்டு பழைய பஜார் வணிகர் சங்கத்தின் தலைவர் தீனதயாளனும் செயலாளர் பூபாலனும். வீட்டுக்காரர் படம் வேண்டும் என்று நேற்றே போனில் சொல்லியிருந்தார்கள். கொக்கிலமேட்டுக்கு இதுதான் முதல் முறை. கடல் காற்றில் கார் துருப்பிடிக்குமா என்று பூபாலன் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு நாப்பதாவது ஆண்டு விழாம்மா," என்றார் தீனதயாளன். "சங்க வரலாறு புத்தகமா வருது. அன்னைக்கே நிறுவனர்கள் ஏழு பேருக்கும் படத்திறப்பு. ஆறு படம் வந்தாச்சு. ஏழாவது உங்க வீட்டுக்காரர்."

"ஆறு பேருமே போய்ட்டாங்களா?"

"எல்லாருமே. எங்க அப்பாதான் கடைசி. போன தை மாசம்."

அவர் குரலில் துக்கத்தைவிட, ஒரு பட்டியல் முடிந்த நிம்மதி அதிகமாக இருந்தது.

பூபாலன் அச்சுத் தாளை எடுத்துப் படித்தார். "'கடலின் செல்வத்தை மக்களின் உணவாக்கிய வணிகச் செம்மல், கருவாட்டுக் கடை பக்தவச்சலம். சங்கத்தின் தேவையை முன்கூட்டியே உணர்ந்தவர்.' நான் எழுதினதுதான்."

சுவரிலிருந்த பக்தவச்சலம் எதையும் முன்கூட்டியே உணர்ந்தவராகத் தெரியவில்லை. ஸ்டுடியோக்காரன் சிரிக்கச் சொன்னதைக்கூட அவர் தாமதமாகத்தான் உணர்ந்திருந்தார். இறந்து ஒன்பது வருடமாகிறது.

"நல்லா கீது சார்," என்றாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மகள் ரஞ்சிதா. "எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து அப்பா அந்தக் கடைலதான் குந்திகினு இருந்தாரு. சங்கத்தப் பத்தி மட்டும் ஒரு நாளும் மூச்சு வுட்டதில்ல."

"அடக்கம்," என்றார் தீனதயாளன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொரு விஷயம். சங்கம் புது காம்ப்ளக்ஸ் கட்டியிருக்கு. மறைந்த நிறுவனர் ஒவ்வொருத்தர் வாரிசுக்கும் ஒரு கடை. பொதுக்குழுவே தீர்மானம் போட்டாச்சு."

ரஞ்சிதாவின் கால் பெடலில் அப்படியே நின்றது. இங்கே உப்புக் காற்றில் ஊசிகூடத் துருப்பிடிக்கிறது. ஜாக்கெட்டில் துருக்கறை என்று போன வாரம் ஒருத்தி தெருவில் நின்று கத்திவிட்டுப் போனாள். செங்கல்பட்டில் ஒரு கடை, ஒரே ஒரு கடை என்று ரஞ்சிதா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எம்மா, படத்த எடுத்துக் குடேன். இன்னா யோசிச்சினு கீற?"

ஆதியம்மாளுக்கு மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எழுந்து படத்தின் கீழே போய் நின்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். இவருக்கு ஒரு மாலை கிடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளைக்குக் கடை கிடைக்கும். கை ஆணி வரைக்கும் போனது.

"தைரியமா குடுங்கம்மா. ஆதாரம் இல்லாம நாங்க வரல," என்று பூபாலன் ஒரு ஜெராக்ஸை விரித்தார். "சங்கத்தோட முதல் நோட்டு. பதிவு பண்ண ஏழு பேர் வேணும். ஆறு பேர்தான் இருந்தாங்க. வர்றேன்னு சொன்ன இரும்புக் கடைக்காரர் வரல. உடனே தலைவரோட அப்பா, 'எதிர்ல கருவாட்டுக் கடையக் கூப்புடு'ன்னு சொல்லியிருக்கார்."

ஆறு கையெழுத்துகள். ஏழாவதாக ஒரு கைநாட்டு. பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. 'கருவாட்டுக் கடை, 1985' என்பது மட்டும் மிச்சம். கைநாட்டின் நடுவே, குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு.

"இது இன்னா கோடு?" என்றாள் ஆதியம்மாள்.

"அது ஒண்ணுமில்ல, காகித மடிப்பு. புத்தகத்துல வரும்போது அழிச்சுச் சரி பண்ணிடுவோம்."

அவள் கை ஆணியிலிருந்து இறங்கியது. படத்தைக் கொடுப்பது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கோட்டை அழிப்பார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ரஞ்சி, நீ பொறந்தது எந்த வருசம்?"

"எண்பத்தெட்டு. அது இன்னாத்துக்கு இப்போ?"

"உங்கப்பா கடல வுட்டுட்டு கடைக்கு வந்தது அப்பத்தான். நீ பால்குடி, என்னால அங்க போயி குந்த முடியல."

தீனதயாளன் வாட்சைப் பார்த்தார். "பூக்கடையில ஏழு மாலைக்குச் சொல்லியாச்சும்மா. சீக்கிரம் படத்தக் குடுத்தீங்கன்னா..."

ஆதியம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஜெராக்ஸின் பக்கத்தில் தன் வலது கையை மல்லாத்தி வைத்தாள். கட்டைவிரலின் நடுவே, குறுக்காக, பத்து வயதில் மீன் அரியும்போது வெட்டிக்கொண்ட தழும்பு.

"ஆறு மாலையே போதும் தம்பி," என்றாள். "ஏழாவது படத்த, நான் போனப்புறம் ரஞ்சிதா எடுத்தாந்து குடுப்பா."