ஒரு நாள்கூட லீவு போடாதவள்

ஹெலன் பெயரை மைக்கில் கூப்பிட்டதும் கேன்டீன் ஹாலே கை தட்டியது. ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாதவள். மகளிர் தினப் பரிசாக ஒரு குக்கர். அதைவிடப் பெரிசு, காண்ட்ராக்ட் போய் நிரந்தர வேலைக்கான ஆர்டர்.

"போடி, போய் வாங்கினு வா," என்று முதுகில் தட்டினாள் கிரேஸ். இருவருக்கும் ஊர் ஆரம்பாக்கம்தான், ஒரே ரயில், ஒரே சர்ச். "கம்பெனிக்கு ஒரு நாளு மட்டம் போடல. கர்த்தருக்குத்தான் இந்த அஞ்சு வருஷத்துல மூணு ஞாயிறு மட்டம் போட்ட. பாஸ்டர் இன்னும் கேட்டுக்கினுதான் கீறாரு."

ஹெலன் சிரிக்கவில்லை.

போன வருஷம் இந்த ஆர்டர் குணசுந்தரிக்கு வந்திருக்க வேண்டியது. ஏழாம் மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது அவள் மிஷினில் வேறு ஒருத்தி நின்றாள்.

மேனேஜர் தேசப்பன் ஆர்டர் இருந்த கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். "எங்கம்மா எட்டு பெத்தாங்க. கழனி வேலையும் செஞ்சாங்க. இப்ப எங்க ஊரு ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாசுக்கு ஆறே பேரு. பொம்பளைங்களுக்கு சம்பளம் வந்தா போதும், புள்ள வேணாம்."

"சோறு ஆக்கவே மாட்டேங்கிறாங்க சார், இதுல புள்ள வேறயா," என்றார் முன்வரிசை சூப்பர்வைசர். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

ஹெலன் மேடை ஏறினாள். தேசப்பன் கவரை நீட்டியவர், விளையாட்டாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்மா?"

"ஆறு சார்."

"புள்ளைங்க எத்தினி?" மைக்கை அவள் வாயருகே கொண்டுபோனார்.

ஹெலன் கவரையே பார்த்தாள். இல்லை சார் என்று தலை குனிந்தால் போதும், அது அவள் கைக்கு வந்துவிடும். முன்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"மூணு சார்."

கீழே கிரேஸ் விருட்டென நிமிர்ந்தாள்.

"அட, மூணா? பரவால்லியே. எந்த ஸ்கூல்ல படிக்குதுங்க?"

ஹெலன் மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் பொறக்கல சார். மூணு ஞாயித்துக்கிழமை போயி கலைச்சிட்டு, திங்கக்கிழமை காலைல ஆறு மணி ஷிப்டுக்கு வந்துட்டேன்."