கட்டுவிரியன் படத்தின் விளக்கவரி

அச்சுக்குத் தயாரான பாம்புப் புத்தகத்தில், கட்டுவிரியன் படத்தின் கீழே ‘கொடிய விஷம், தொடாதே’ என்றொரு விளக்கவரி இருந்தது. அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கம் அமைக்கும் கணினியை நச்சரித்துத் தடித்தது, சாய்ந்தது, சிவந்தது.

“இன்னும் பெரிசாக்கு!”

“போதும்டா, இடமில்லை” என்றது படம்.

“உனக்குப் பொறாமை!”

கணினி பெரிதாக்கியது. இடம் போதாமல் விளக்கவரி அடுத்த பக்கத்துக்குச் சரிந்து, ஒரு தண்ணீர்ப்பாம்பின் தலைமேல் விழுந்தது. “ஐயோ, நான் சாதுங்க!” என்று அது அலறியது. புத்தகம் அப்படியே அச்சாகிவிட்டது.

அதை வாங்கிய சிறுமி எழிலரசி விரியன் படத்தைத் தடவினாள்.

“நம்ம கிணத்தடியில பார்த்தது இதுதான்! எவ்ளோ அழகு! பிடிச்சுட்டு வரேன்.”

“வேண்டாம்மா!” என்று படம் கத்தியது. அவளுக்குக் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தில் சிவந்த எழுத்துகள் துடித்தன, நகர முடியவில்லை.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினாள்.