ஓடுகிறவனைச் சுட்டால்

“கஜா பேராங் ரோட்டுக் கடையில திருட வந்தவனைச் சுட்டாங்களே, அது விஷயமா வந்தேங்க” என்றார் அப்துல் கய்யூம்.

வக்கீல் ராஜரத்தினம் நாற்காலியைக் காட்டினார். “உட்காருங்க பாய். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதானே?”

“ஆமாங்க.”

“அப்புறம் என்ன பயம்? அவன் பாராங் கத்தியை ஓங்கினான்னு பேப்பர்ல பார்த்தேன். உயிருக்குப் பயந்து சுட்டது. மெர்டேக்கா வந்து சுதந்திரம் கிடைச்ச பிறகும் சட்டம் அதேதான். தற்காப்பு கொலையாகாது.”

“ஓடுறவனைச் சுட்டா?”

வக்கீல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“ஓடுறவனால யார் உயிருக்கு ஆபத்து? அது கொலை. யாராவது பார்த்தாங்களா?”

“இல்லீங்க.”

“அப்போ எதிர்ல பாய்ஞ்சு வந்தான்னே இருக்கட்டும்.”

“போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கு.”

“பிறகென்ன பாய்? செத்தவனா வந்து மறுக்கப்போறான்?”



“மையித்தைக் குளிப்பாட்டப் புரட்டினேங்க. துப்பாக்கிச் சன்னமெல்லாம் முதுகுல இருந்துச்சு.”

“சுட்ட நீங்க எதுக்குக் குளிப்பாட்டுனீங்க?”

“நான் சுடலீங்க. அவன் என் மகன். திருடப் போனான், இல்லைங்கல. ஓடுறவனைச் சுட்டா கொலைன்னு சொன்னீங்களே, அதைக் கோர்ட்டுல சொல்வீங்களா?”