சென்ட்டு ஆவாத வண்டி

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கொளஞ்சிநாதன் சக்கரபாணியிடம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். வெல்டிங் பட்டறைக்குள் ராடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அன்பரசிக்கே சங்கடமாக இருந்தது.

சக்கரபாணி லேசுப்பட்ட ஆள் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்திருப்பவர். களிமண் மூட்டை இழுக்க என்று நாலு சக்கர பைக் ஒன்று வாங்கி, மூட்டையை விடத் தன்னைத்தான் அதிகம் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார். அதன் சேசிஸில் இப்போது விரிசல்.

"நீ பாட்டுக்குப் பத்த வைப்பா. நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடணும்."

"கம்ப்யூட்டர் வச்ச வண்டிண்ணே. வெல்டிங் கரண்டு ஒயருல ஏறுச்சுன்னா எல்லாம் பொகஞ்சிடும்."

பேட்டரி ஒயரைக் கழற்றினான். கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கை உருவினான். எர்த் கிளாம்ப்பை விரிசலுக்குப் பக்கத்திலேயே கவ்வ வைத்தான். அதுவரைக்கும் சரி. அடுத்து அவன் பேசியதுதான் அன்பரசிக்குப் புரியவில்லை.

"நீங்க எதிர்ல டீக்கடைக்குப் போயிடுங்கண்ணே."

"நான் எதுக்குப்பா?"

"சென்ட்டு போட்டிருக்கீங்க. அந்த வாசம் கம்ப்யூட்டருக்கு ஆவாது."

சக்கரபாணி சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனார். கொளஞ்சி ராடை மாட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"மூஞ்சி, கை, கழுத்து எல்லாம் சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

"பெல்ட்டுல இரும்பு பக்கிள் இருக்குதே."

மறுபடி போனார். பெல்ட்டை டீ மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையில் நழுவுகிற பேன்ட்டும் மறு கையில் செல்போனுமாக ரோட்டைத் தாண்டி வந்தார். டீக்கடை பெஞ்சே சிரித்தது.

கொளஞ்சி மிஷினை ஆஃப் செய்தான்.

"நீங்க அங்க போயி உக்காந்தாத்தான் பத்த வைப்பேன். இல்லன்னா வண்டிய எடுத்துக்குங்க."

சக்கரபாணி முகம் சுண்டிப்போய்த் திரும்பி நடந்தார். கஸ்டமரை இப்படியா விரட்டுவது? அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலை முடிந்து, கழற்றியதை எல்லாம் மாட்டியதும் வண்டி ஒரே சுவிட்சில் உறுமியது. சக்கரபாணிக்குக் கோபம் பறந்துவிட்டது. "நம்ம வண்டி அவ்ளோ நைசு. வாசன கூடத் தாங்காது" என்று டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டி மறைந்ததும் அன்பரசி ஆரம்பித்தாள்.

"சென்ட்டாம், பெல்ட்டாம். ஏங்க, இந்த வெல்டிங்க எந்த ஊர்ல கத்துக்கிட்டீங்க? பெரிய மனுசன நாலு பேரு எதுக்க கோமாளியாக்கி வுட்டீங்களே."

கொளஞ்சி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"காலையில அவரு சம்சாரம் ஆண்டாளக்கா போன் பண்ணாங்க. போன மாசம் கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போயிட்டு வந்தேன்னு ஊரெல்லாம் சொன்னாரில்ல, அவரு போனது ஆஸ்பத்திரிக்கு. இருதயம் சரியா துடிக்கலன்னு நெஞ்சுக்குள்ள பேட்டரி வச்சி அனுப்பியிருக்காங்க. வெல்டிங் கிட்டயே போவக் கூடாதாம். வெளிய தெரிஞ்சா சீக்காளின்னு சொல்லிடுவாங்கன்னு மனுசன் வாயே தொறக்கறதில்லியாம்."

அன்பரசி வண்டி போன திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி பேட்டரிய நான் கழட்டிடலாம். அவரு பேட்டரிய எப்பிடிடி கழட்டறது? அதான் ஆளையே கழட்டி வுட்டேன்."