இரண்டாவது நீதிபதி

முதல் நீதிபதி தன் தீர்ப்பைப் படித்து முடிக்கிறார். அரசாங்கத்தைக் குறை சொல்லி மேடையில் பேசினான் என்பதற்காக ஒரு மனிதனை விசாரணையே இல்லாமல் அடைத்து வைத்தது சட்டவிரோதம், பேசுவது அவன் உரிமை என்கிறார். பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவனைத்தான் சொல்கிறார். கைக்குள் கசங்கிய புடவைத் தலைப்பு ஈரமாகிவிட்டது. பக்கத்தில் மாமியார் அதற்குள் எழுந்தாயிற்று. "வரட்டும் அவன். மேடையேறிப் பேசின வாய்க்கு ரெண்டு போடறேன்" என்று அழுதுகொண்டே சிரிக்கிறாள். முன்வரிசையிலிருந்து வக்கீல் திரும்பிக் கையமர்த்துகிறார். "உட்காருங்கம்மா. இன்னொருத்தர் சொல்லணும். ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாத்தான் விடுவாங்க. மாத்திச் சொன்னா மூணாவது ஜட்ஜுகிட்ட போகும். அதுவரைக்கும் உள்ளேதான்."

மாமியார் உட்கார, பெஞ்சு முனகுகிறது. உயரத்து ஜன்னலிலிருந்து விழும் வெயில் நீதிபதிகளின் மேடையில் பாதியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியால் நிதானமாகத் துடைக்கிறார். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறார். அந்த முகத்தில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. உறையிலிருந்து கனமான தாள்கட்டு ஒன்றை உருவி, மேசையில் தட்டி ஓரங்களைச் சேர்க்கிறார்.

அவள் முன்னால் குனிகிறாள். "சார், அவர் சொன்னதையே இவரும் ஒத்துக்கிட்டா ஒரு வரி போதும்தானே?"

வக்கீல் திரும்பவில்லை. "சில பேர் ஒத்துக்கிட்டே நீட்டி எழுதுவாங்கம்மா" என்கிறார். பேனா மூடியைக் கழற்றப் பார்க்கிறார். அது அவர் விரல்களில் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.