கடைசி ஆளுக்குக் காவல்

“உங்க கெண்டைக்கால் சுத்தளவு எவ்வளவுங்க?”

“எதுக்கு டாக்டர்? உங்ககிட்ட பல்லு காட்ட வந்தா காலைத்தான் அளப்பீங்களா?”

போன வாரம் நடந்த இந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் பல் டாக்டருக்குக் காது மடல் சூடாகிவிடும். ஆனாலும் கேக் கடைக்காரி சிரித்துக்கொண்டே அளவைச் சொல்லியிருந்தாள். அந்த அளவுக்கு வாங்கியதுதான் இப்போது வண்ணத் தாள் சுற்றி அவன் மடியில் இருந்தது.

பூங்காவில் அப்போதுதான் விடிந்திருந்தது. ஓட்டக் குழுவில் மற்றவர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்க, கேக் கடைக்காரி மட்டும் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். குழுவிலேயே கடைசியாக ஓடுபவள் அவள்தான்.

கடைசி ஆளைத் தனியாக விடக்கூடாது, யாராவது ஒருவர் கூடவே ஓடவேண்டும் என்பது குழுவின் சட்டம். அந்தக் காவல் வேலைக்கு ஆள் கேட்டபோது பல் டாக்டர் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். நடுவரிசையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, பாவம், அவளுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டானே என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

அவன் நீட்டியதை வாங்கி அவள் தாளைப் பிரித்தாள். உள்ளே முழங்கால் வரை வரும் நீல சாக்ஸ்.

“கம்ப்ரஷன் சாக்ஸ். கெண்டைக்காலை இறுக்கிப் பிடிச்சுக்கும். நீங்கதான் இந்த ஓட்டம் ஓடினா கால் கடுக்குதுன்னு சொன்னீங்களே” என்றான். “ஆனா லேசுல ஏறாது. என்னுதை மாட்டுறதுக்குள்ள கட்டில்லேருந்து ரெண்டு தடவை உருண்டு விழுந்தேன். கையுறை போட்டு இழுத்தா வழுக்காதாம்.”

கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறைகளை எடுத்தான்.

“வாயை ஆ காட்டணுமா டாக்டர்?”

அவள் கேட்ட கேள்வியில் அவனுக்குக் கையுறையின் ஒரே விரலுக்குள் இரண்டு விரல் போய் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து நிமிர்வதற்குள் அவள் சாக்ஸைக் குதிகால் வரை உட்புறம் திருப்பி, நுனியில் விரல்களை நுழைத்து, ஒரே இழுப்பில் முழங்காலுக்கு ஏற்றிவிட்டாள். அடுத்த காலுக்கும் அப்படியே. ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“அடேங்கப்பா!”

“தினமும் மாவு பிசையற கை டாக்டர்” என்று எழுந்துகொண்டாள்.

சாக்ஸ் கொடுத்த அதே மனசு இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. கால் வலி போனால் அவள் வேகம் கூடும். வேகம் கூடினால் கடைசி ஆளாக இருக்கமாட்டாள். அப்புறம் பக்கத்தில் ஓடுவதற்கு அவனுக்கு என்ன சாக்கு இருக்கிறது? மாதக்கணக்கில் தொண்டையில் சிக்கிக் கிடக்கிற அந்த ஒரு கேள்வியை இன்றைக்குக் கேட்டே தீரவேண்டும்.

பயிற்சியாளர் விசில் ஊதினார். அவரை எல்லோரும் கூப்பிடுவதே விசில் அண்ணன் என்றுதான்.

ஏரிக்கரைப் பாதையில் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் இவர்கள் இருவர் மட்டும். அவள் வழக்கம்போல் விடாமல் பேசிக்கொண்டே ஓடினாள்.

“நேத்து ஒருத்தர் அவரோட அம்பதாவது பிறந்த நாளுக்கு, கேக்குல நாப்பதுன்னு எழுதச் சொன்னாரு டாக்டர். சரின்னு எழுதிக் குடுத்தா, பக்கத்துல யாரு நிக்கிறான்னு நினைக்கிறீங்க? அவரோட ரெட்டைப் பிறவி!”

“ம்” என்றான் அவன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. காதல் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

படகுத்துறை வந்தபோது துணிந்துவிட்டான்.

“நான் உங்ககிட்ட... ஒண்ணு... கேக்கணும்.”

“கேளுங்க.”

அவள் திரும்பி அவன் முகத்தையே பார்த்தாள். அவ்வளவுதான், துணிச்சல் ஏரிக்குள் குதித்துவிட்டது.

“தண்ணி... வேணுமா?”

“நீங்க குடிங்க டாக்டர். மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு.”

எதிரே விசில் அண்ணன் சைக்கிளில் வந்தார். “என்னம்மா கேக்கு, புது சாக்ஸா? காலு இன்னிக்கு என்ன சொல்லுது?”

“வலியே இல்லண்ணே.”

“அப்படிப் போடு! அடுத்த வாரத்துலேருந்து நீ நடுவரிசை. டாக்டரே, உங்களுக்கு வேற ஆளு ரெடி. ரிட்டையர்டு ஜட்ஜு ஒருத்தர் புதுசா சேர்றாரு. ஓடுறதைவிட நிறையப் பேசுவாரு, கேட்டுக்கிட்டே வாங்க.”

மணியடித்துக்கொண்டே சைக்கிள் போய்விட்டது.

பல் டாக்டர் பாதை நடுவில் அப்படியே நின்றுவிட்டான். அடுத்த வாரம் இந்நேரம் பக்கத்தில் ஜட்ஜ். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது? வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. முட்டியைப் பிடித்துக் குனிந்து இன்னொரு தடவை முயன்றான். மறுபடியும் காற்று.

அவளும் நின்றாள். இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

“சரி, விடுங்க. நீங்க கேக்கப்போறதில்ல. நானே கேட்டுடறேன்” என்றாள்.

“என்ன... கேக்கப்போறீங்க?”

“கல்யாணம் பண்ணிக்கலாமா டாக்டர்? இதுக்கு மேல மெதுவா ஓட என்னால முடியல!”