எவ்விதச் சம்பந்தமும் இல்லை

"உங்கப்பா செஞ்ச காரியத்தைப் பாத்தியாலே? பேப்பர்லயே போட்டுட்டாரு!"

மைக்கேல் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் காசிராஜன் முன்னால் விரித்துப் போட்டான். வீட்டுமனை விற்பனைக்கும் காணாமல்போன பத்திரத்துக்கும் நடுவில் அது கட்டம் கட்டி வந்திருந்தது.

'என் மகன் காசிராஜன் என் சொல்லுக்குக் கட்டுப்படாமல் நடப்பதால், இன்று முதல் அவனுக்கும் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. இப்படிக்கு, ராஜரத்தினம், பாத்திர வியாபாரம், ஸ்ரீவில்லிபுத்தூர்.'

காசிராஜன் இட்லியைச் சட்னியில் தோய்த்தபடியே படித்தான்.

"எழுத்துப்பிழை இல்லாமப் போட்டிருக்காங்க" என்றான்.

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

"சாப்பிடு. இட்லி ஆறுது."

இருவரும் ராஜபாளையத்தில் ஒரே மில்லில் ஃபிட்டர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், பெண் பார்க்கக் கிளம்பச் சொன்ன அப்பாவிடம், "எனக்குப் பொண்ணு வேண்டாம்பா. மைக்கேல் கூடத்தான் என் வாழ்க்கை. இதை மறைச்சு ஒரு பொண்ணை ஏமாத்த என்னால ஏலாது" என்று நேருக்கு நேர் சொன்னவன் காசிராஜன். அன்றைக்கே கட்டிய வேட்டியோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். மைக்கேலுக்கு அந்தத் தைரியம் கிடையாது. தன் வீட்டில் இன்னும், "வேலை நிரந்தரமாகட்டும்" என்றே காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

காசிராஜன் ஒருநாளும் அப்பாவைத் திட்டியதில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுவான். பிரிக்காமலே திரும்பி வரும். "எழுத்தைப் பாத்து நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கிடுவாருல்ல?" என்று சிரிப்பான். என்றாவது ஒருநாள் அப்பா அதைப் பிரிப்பார் என்று மைக்கேலும் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில்தான் இன்றைக்கு மண் விழுந்திருக்கிறது.

காசிராஜன் குளிக்கப் போனதும், மைக்கேல் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜரத்தினத்தின் வீட்டில் கூடம் நிறையப் பழத்தட்டுகள். மல்லிகைப்பூ மணத்தது. காசிராஜனின் தங்கை ஜெயபாய்க்கு அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்து, கல்யாணத்தை உறுதி பண்ணிவிட்டுப் போயிருந்தார்கள். மைக்கேலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கு! பெத்த பிள்ளையைக் காலையில வெட்டிவிட்டுட்டு, மத்தியானம் விசேஷமா?"

"ஏலே, நீயா?" ராஜரத்தினம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "எந்த முகத்தோட என் வாசப்படி மிதிச்ச?"

"அவன் உங்களை ஒரு வார்த்தை கொறைச்சுப் பேசினதில்ல. மில்லுல ஒரு பயலுக்கு அடிபட்டா மொதல்ல ஓடுறது அவன்தான். என் அம்மைக்கு ஆபரேஷன் நடந்தப்போ பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். அப்பேர்ப்பட்டவனை ஊரறிய அசிங்கப்படுத்திட்டீங்களே! உங்க பிள்ளையா இருக்க அவன் கொடுத்து வைக்கலன்னு இல்ல. அவனுக்கு அப்பனா இருக்க நீங்கதான் கொடுத்து வைக்கல!"

உள்ளே காசிராஜனின் அம்மா பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராஜரத்தினம் அடிக்கப் பாய்வார் என்று மைக்கேல் எதிர்பார்த்தான். அவரோ மறுபடி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"அண்ணன்காரன் விஷயம் தெரிஞ்சு இவளுக்கு நாலு எடம் தட்டிப்போச்சு. அஞ்சாவதா வந்தவியளும், 'அவனோட ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு ஊருக்குத் தெரியணும்'னு சொல்லிட்டாவ. அதைப் பெத்தவ போயி அவன்கிட்டச் சொல்லி அழுதிருக்கா. இன்னைக்குப் பேப்பரைப் பாத்துட்டுத்தான் பூ வச்சாவ."

"அதுக்காக விளம்பரம் கொடுத்துருவீங்களா?"

"காலையில பேப்பர் ஏஜெண்டு வீட்டுக்கு ஓடிப்போயி, எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் பாத்தேன். பாத்துட்டும், வந்தவிய முன்னால வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன்."

"எந்தத் தாளு?"

ராஜரத்தினம் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"பத்தாங்கிளாஸ்ல ராங்க் கார்டுல என் கையெழுத்தைப் போட்டான்னு அவனைப் பெல்ட்டால அடிச்சேன். இப்ப தங்கச்சிக்காக அதே கையெழுத்தைப் போட்டு, அவனே அவனைத் தலைமுழுகிட்டுப் போயிருக்கான், தம்பி!"